மரத்துக்கு முன் மேட்டைப் பாருங்கள்

நீலகிரி மாவட்டத்தில் மரம் வெட்ட அனுமதி வழங்கும் குழுவின் உறுப்பினர்களுக்கு,



2025 மே மாதக் கடைசியில், ஊட்டி - கூடலூர் சாலையில் எட்டாவது மைல் பக்கம் மரம் விழுந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். கேரளத்திலிருந்து சுற்றுலா வந்தவன். அந்த நாட்களில் மலையெங்கும் காற்றும் மழையுமாக இருந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2009 நவம்பரில், இதே மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மரமல்ல, மண். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஒரு வாரத்துக்குள் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மேடு சரிந்தது.

உங்கள் முன் வரும் ஒவ்வொரு 'அபாய மர' மனுவும் இந்த இரண்டு சாவுகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. வெட்டாவிட்டால் மரம் விழும் என்று மனு சொல்கிறது. வெட்டிய பிறகு அந்த மேடு என்ன ஆகும் என்று எந்த மனுவும் சொல்வதில்லை. மனுதாரர் அதைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தலைக்கு மேல் மரம் ஆடும்போது யாருக்கும் கண் மரத்தின் மேல்தான் இருக்கும். மேட்டைப் பற்றிய கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் நீங்கள்தான்.

சட்டம் அந்தக் கடமையைத் தெளிவாகவே தந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலமே ஆனாலும் குழுவின் அனுமதியில்லாமல் மரத்தை வெட்ட முடியாது. இந்தச் சட்டம் மரம் வெட்டுவதை மட்டும் ஒழுங்குபடுத்த வந்ததல்ல. மலைச்சரிவில் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வதையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இதை எழுதியவர்கள் மரத்தையும் அது நிற்கும் மண்ணையும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று மனுவோடு வரும் பட்டியலில் மரத்தின் இனம், சுற்றளவு, எண்ணிக்கை, சர்வே எண் எல்லாம் இருக்கும். சரிவு எவ்வளவு செங்குத்து, மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, கீழே எத்தனை வீடுகள் என்பதற்குக் கட்டம் இருக்காது. அந்தக் கட்டங்களைச் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை.

நாட்டின் வனச் சட்ட வரலாற்றையே திருப்பிப் போட்ட வழக்கு இந்த மாவட்டத்து மரங்களுக்காகத்தான் தொடங்கியது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவில் தேயிலைத் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றித் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது: நட்டு வளர்த்த மரங்களை மட்டுமே வெட்டலாம், தானாக முளைத்து வளர்ந்தவற்றைத் தொடக்கூடாது, அதுவும் சட்டப்படி அமைந்த குழுவின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அந்த 'மேற்பார்வை' என்ற சொல்லுக்குக் காகிதத்தில் ஒப்பமிடுவது மட்டும் பொருளாக இருக்க முடியாது.

இங்கே மேற்பார்வை என்றால் நேரில் போய்ப் பார்ப்பது. பார்ப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது.

பொதுவாகக் களப் பார்வைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்கு முன், மரத்திலிருந்து கீழே திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த மரம் முறிந்தால் அது விழும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? எத்தனை நேரம் இருக்கிறார்கள்? இரவில் குழந்தைகள் தூங்கும் லைன் வீடா, பேருந்து நிறுத்தமா, பள்ளி வாசலா, வாரத்துக்கு ஒரு நாள் கொழுந்து எடுக்கப் போகும் தோட்டமா? உள்ளே பொந்து விழுந்த முதிர்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரம் ஒன்று ஆள் நடமாட்டமே இல்லாத ஓடைக்கரையில் நின்றால் அது அபாய மரம் அல்ல. குக்குறுவான் கூடு கட்டும் மரம். அதே மரம் அங்கன்வாடிக்கு மேலே நின்றால் அடுத்த மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஹாங்காங்கில் 2008 ஆகஸ்டில் ஸ்டான்லி கடைவீதியில் மரம் விழுந்து மாணவி ஒருவர் இறந்த பிறகு, அந்த அரசு 2010-இல் மர மேலாண்மை அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே மர ஆய்வு மரத்தில் தொடங்குவதில்லை. மக்களும் வண்டிகளும் அதிகம் புழங்கும் இடங்கள் எவை என்று முதலில் வட்டாரம் வட்டாரமாகப் பார்க்கிறார்கள். அதன் பிறகே அங்குள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் படிவம். ஹாங்காங்கும் நம்மைப் போலவே செங்குத்துச் சரிவும் கொட்டும் மழையும் உள்ள ஊர்தான்.

அடுத்துதான் மரம். சாய்ந்திருப்பதெல்லாம் விழப்போகும் மரம் அல்ல. சரிவில் வளரும் மரம் சிறுவயதிலேயே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்திருக்கும். அப்படிப்பட்டதன் மேல்பகுதி வளைந்து நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். அது பல ஆண்டுப் பழைய சாய்வு, மரம் அதற்கேற்பத் தன் வேரையும் அடிமரத்தையும் தடிப்பாக்கிக்கொண்டிருக்கும். உச்சி வரை ஒரே கோடாகச் சாய்ந்து, மேட்டுப் பக்கத்து மண்ணில் பிறைபோல வெடிப்பு விட்டிருந்தால் அது புதிய சாய்வு. காற்றடிக்கும்போது அந்த வெடிப்பு திறந்து மூடுகிறதா என்று கவனித்தால் போதும், அன்றே முடிவெடுத்துவிடலாம். அடிமரத்தில் தட்டுத் தட்டாக மரக்காளான் பூத்திருக்கிறதா, மரச்சுத்தியால் தட்டினால் கூடாகச் சத்தம் வருகிறதா, பட்டையை விலக்கிக் கத்தி முனையைக் குத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? இவற்றைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். காட்டிலாகாவில் அனுபவமுள்ள வாட்சர் ஒருவருக்கு இதில் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும். அவர் கண்டதை எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்தாலே பல சந்தேகங்கள் தீரும்.

மரம் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்பதையும் கேட்க வேண்டும். சாலையை அகலப்படுத்தவோ வீட்டுக்கு இடம் எடுக்கவோ பொக்லைன் வைத்து மேட்டை நேர்செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய முகப்பில் வேர்கள் அறுந்து வெறும் காற்றில் தொங்குகின்றன. இரண்டு மழைக்காலம் கழித்து அதே முகப்பின் விளிம்பில் நிற்கும் மரம் 'அபாய மரம்' என்று மனுவில் ஏறுகிறது. இந்த இடத்தில் மரத்தை மட்டும் எடுத்தால் கடைசிப் பிடியும் போகும்; வெட்டிய முகப்புக்குத் தடுப்புச் சுவரும், சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழியும் செய்யச் சொல்வதுதான் முதல் உத்தரவாக இருக்க வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, மரம் காய்ந்த பிறகு 'காய்ந்த மரம்' என்று மனு கொடுப்பது. அதற்கு அனுமதி கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் பட்டை உரிந்த மரங்கள் பெருகிவிடும்.

இனி மேடு. இங்கே இரண்டு வாதங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, மரத்தின் கனம்தான் மண்ணைச் சரிய வைக்கிறது என்பது. கேட்கப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அடர்ந்த காட்டின் மொத்தக் கனத்தையும் அது நிற்கும் நிலத்தின் மேல் சமமாகப் பரப்பினால், சில அங்குல மண்ணின் கனம்தான் தேறும். மழையில் ஊறிப்போன பல அடி மண்ணின் முன்னால் அது பொருட்டே இல்லை. காற்று மரத்தைப் பிடித்து ஆட்டி வேரோடு நெம்புவது உண்மையான அபாயம். அதற்குக் கிளை கழிப்பதும் உச்சியைக் குறைப்பதும் பல நேரங்களில் போதும். தேயிலைக்குக் கவாத்து வெட்டி வெட்டிப் பழகிய மாவட்டம் இது. மரத்துக்கும் கவாத்து உண்டு என்பதை மனு மேல் எழுதப்படும் குறிப்புகளில் அரிதாகத்தான் பார்க்க முடிகிறது.

இன்னொரு வாதம், 'கற்பூரமும் சீகையும் அந்நிய மரங்கள்தானே, போனால் என்ன?' என்பது. கற்பூர மரம் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. சீகை எனப்படும் வாட்டிலும் அங்கிருந்து வந்ததுதான். அது புல்வெளிகளை விழுங்கியதும், சோலைகளின் ஓரங்களில் புகுந்ததும் உண்மை. தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தனிக் கொள்கையே வகுத்தது. அதன் நோக்கம் சரியானது. ஆனால் வேருக்கு நாடு கிடையாது. செங்குத்துச் சரிவில் அறுபது ஆண்டாக மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் கற்பூரத்தின் வேர், அந்நிய மரம் என்பதற்காகக் குறைவாகப் பிடிப்பதில்லை.

வேர் எப்படிப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீலகிரியின் சரிவுகளில் பாறைக்கு மேல் நெடுங்காலமாக உளுத்து மண்ணான படலம் தடிமனாகக் கிடக்கிறது. மரவேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள மூன்றடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். அதனால் முப்பதடி ஆழத்தில் நழுவும் பெருஞ்சரிவை எந்த மரமும் நிறுத்தாது. 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் நடந்தது போன்ற பேரிடரில் மரங்களையும் சேர்த்துத்தான் மண் அடித்துக்கொண்டு போகும். ஆனால் இங்கே அடிக்கடி நடப்பது மேல்தோல் உரிவது போன்ற சரிவு. இரண்டடி, மூன்றடி ஆழத்தில் மண் கழன்று வழிந்து, சாலையை மூடும், வீட்டின் பின்சுவரைத் தள்ளும், மலை ரயில் பாதையில் விழும். அந்த ஆழத்தில் வேரின் பிடிதான் மண்ணின் உறுதியில் பெரும்பங்கு.

மரத்தை வெட்டிய மறுநாள் அந்தப் பிடி போய்விடுவதில்லை. செத்த வேர் மெல்ல மெல்ல அழுகுகிறது. நுண்வேர்கள் முதலில் போகும், பிறகு தடித்தவை. புதிதாக நட்ட கன்றின் வேர் அந்த இடத்தைப் பிடிக்கப் பல ஆண்டு ஆகும். பழைய பிடி தளர்ந்து புதிய பிடி வராத அந்த இடைவெளி, வெட்டிய சுமார் மூன்றாம் ஆண்டில் தொடங்கிப் பதினைந்தாம் ஆண்டு வரை கூட நீளும் என்று உலகின் பல மலைகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் இதில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. இன்று கையெழுத்திட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், மனுதாரர் வீட்டை விற்றிருப்பார், மேடு ஏழாம் ஆண்டு ஐப்பசி மழையில் இறங்கும். பத்திரிகையில் 'கனமழையால் மண் சரிவு' என்று செய்தி வரும்.

ஆகவே, எடுத்தே தீர வேண்டிய மரத்தைக் கூட எப்படி எடுப்பது என்பதில் உங்கள் உத்தரவு விரிவாக இருக்க வேண்டும். இப்போது பேச்சு வழக்கில் 'மரத்தை அகற்றுவது' என்றால் பொக்லைனைக் கொண்டுவந்து தூரோடு பெயர்ப்பது வரை போகிறது. சரிவில் அதைவிடக் கேடு வேறில்லை. தூரைப் பெயர்த்த குழியில் முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும்; மேட்டுக்குள் தண்ணீரை ஊற்ற நாமே புனல் வைத்தது போல ஆகும். அடிக்கட்டையை விட்டு வெட்ட வேண்டும். கற்பூரம் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம். துளிர்த்துக்கொண்டிருக்கும் வரை வேரும் உயிரோடு இருக்கும். பக்கத்தில் நட்ட சோலை மரங்கள் வேர் விடும்வரை அந்தத் துளிரைக் கட்டுக்குள் வைத்து வளர விடலாம், பிறகு அதை ஒழிக்கலாம். சீகையில் வேறு சங்கடம் உண்டு. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மேலே வெளிச்சம் விழுந்ததும் கூட்டமாக முளைக்கும். ஒரு சீகையை வெட்டிய இடத்தை ஓராண்டு கவனிக்காவிட்டால் நூறு சீகை நிற்கும். ஆகவே மொத்தமாக மொட்டையடிக்காமல், பட்டை பட்டையாகச் சில ஆண்டுகளில் மாற்றுவதே சரிவுக்கு ஏற்றது.

எத்தனை மரம் என்பதிலும் கவனம் தேவை. ஒரு மரம் அபாயமாக இருக்க, 'அப்படியே அதன் பக்கத்தில் உள்ள பன்னிரண்டையும்' என்று மனுவில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தோப்பின் உள்ளே வளர்ந்த மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றை மறைத்து நெடுநெடுவென்று உயர்ந்தவை. ஓரத்து மரங்களை எடுத்தால் உள்ளே இருந்தவை முதல் முறையாக முழுக் காற்றில் நிற்கும். அடுத்த ஆடிக் காற்றில் அவை விழும். அப்போது புதிய மனு வரும், அதிலும் அபாயம் உண்மையாகவே இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால், மனுவைக் கிடப்பில் போடுவது பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதமும் கொல்லும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கு அந்த மரமும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. அவர் சொல்ல, மேலாளர் எழுத, கிராம நிர்வாக அலுவலர் பார்க்க, தாசில்தார் அனுப்ப, ரேஞ்சர் அறிக்கை தர, கூட்டம் கூட என்று போனால் ஒரு பருவமழையே முடிந்துவிடும். நெடுஞ்சாலையோரத்து மரத்தை மட்டும் ஒரே நாளில் வெட்ட முடிகிறதென்றால், கூரைத் தகரத்துக்கு மேல் காய்ந்த கிளை தொங்கும் வீட்டுக்கும் அது முடிய வேண்டும். மாவட்ட நிர்வாகமே பேரிடர் அபாயமுள்ளவை என்று 283 இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்த இடங்களில் குடியிருப்புக்கு மேல் நிற்கும் மரங்களை மனு வருவதற்குக் காத்திராமல் பருவமழைக்கு முன்பே நீங்களே போய்ப் பார்க்கலாம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குக்கு முன்னால். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் வடகிழக்குக்கு முன்னால். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் கோப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விரைவும் நிதானமும் ஒரே வரிசையில் நிற்பதால்தான் சிக்கல். உயிருக்கு ஆபத்து என்று வரும் மனுவும், தடிக்கு விலை கிடைக்கும் என்று வரும் மனுவும் இன்று ஒரே படிவத்தில், ஒரே சொல்லில் வருகின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. அபாயம் என்று கேட்டால், அபாயம் நீங்கும் அளவுக்கு மட்டும் அனுமதி: கிளை என்றால் கிளை, உச்சி என்றால் உச்சி, முழு மரம் தான் என்றால் கட்டையை விட்டு, அந்த ஒரு மரம். ஒரு வாரத்துக்குள் முடிவு. வெட்டிய தடியை விற்கும் உரிமை அந்த அனுமதியோடு வராது. அதற்குத் தனி மனு, தனி விசாரணை, மெதுவாக. அப்போது உண்மையிலேயே பயந்தவர் முதல் வரிசைக்கு வருவார். மற்றவர் எந்த வரிசையில் நிற்பது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.

பிறகு, நடுவது. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பத்தும் எங்கே நடப்படுகின்றன? பெரும்பாலும் சமதளத்தில், நடுவதற்கு வசதியான இடத்தில். சரிவில் போன பிடிக்கு ஈடு சரிவில்தான். வெட்டிய கட்டைக்கு மேலும் கீழும், மழைக்கு முன்னால், நாவல், காட்டுப் பூவரசு போன்ற இந்த மலைக்கே உரிய மரங்களும், அவை வளரும்வரை மண்ணை மூடிவைக்கப் புல்லும். ஆரம்பத்தில் மண்ணைக் காப்பாற்றுவது புல்தான். சோலைக் கன்றுகள் மெதுவாக வளர்பவை. காட்டெருமை மேயும், வெயில் கருக்கும். இரண்டாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் போய்ப் பார்க்க ஒருவரின் பெயர் உத்தரவிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், அதற்கான காரணத்தோடு, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் படகர் ஊரான ஹட்டியின் பொது இடத்திலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். எந்த மரம், எந்தச் சரிவு, கீழே யார், ஏன் வெட்ட அனுமதி, அல்லது ஏன் மறுப்பு, கட்டை விட வேண்டுமா, எத்தனை கன்று, எந்தத் தேதிக்குள். மேட்டுக்குக் கீழே குடியிருப்பவருக்கு, மேலே உள்ளவர் கொடுத்த மனுவைப் பற்றி இன்று தெரியவே தெரியாது. மின்வாள் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிகிறது. முடிவுக்கு முன்பே அவரையும் கேளுங்கள். எந்த இடத்தில் மழைக்காலத்தில் புதிதாக ஊற்று கிளம்புகிறது, எந்த வாய்க்கால் தூர்ந்து போயிருக்கிறது, 2009-இல் எந்த இடத்தில் மண் இறங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கான மனுக்களை எடுத்துவைக்கும்போதே, ஒவ்வொன்றிலும் கீழ்வீட்டுக்காரரின் வாக்குமூலம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கோப்பை அன்றைக்கே களத்துக்குத் திருப்பி அனுப்புங்கள், திரும்பி வரவேண்டிய தேதியையும் அதன் மேலேயே எழுதி.